கேட்காமல் விட்ட குரல்

ஆவணி 10, செவ்வாய்

இனிமேல் மனசில் இருப்பதைப் போனில் பேசுவதில்லை. அதனால்தான் இதில் எழுதுகிறேன்.

இந்த டைரி, என் மகன் முருகவேல் கடைக்கு டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் தை மாதம் கொடுத்தது. யாரும் தொடாமல் பரண்மேல் கிடந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணல்தான். எனக்குப் படிக்க வந்தால் போதும்.

நேற்று மத்தியானம் மாடியில் மிளகாய் காயப்போட்டுவிட்டு, பச்சை ஆப்பைத் திறந்து, அபியின் பழைய நம்பருக்கு, "சாப்டியா கண்ணு?" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினேன். சித்திரையிலிருந்து அந்த நம்பருக்கு உயிர் இல்லை. தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ராத்திரி முருகவேல் ரசத்தைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"யாரம்மா சாப்டாளான்னு விசாரிச்சே?"

போன் பகல் முழுக்க என் இடுப்பில் இருந்தது. அவன் பகல் முழுக்கக் கடையில் இருந்தான்.

"காக்காயை," என்றேன்.

மருமகள் ரேணுகா மோர் ஊற்றினாள். ஒன்றும் பேசவில்லை. அவள் எப்போது பேசியிருக்கிறாள்?

ஆவணி 11, புதன். விநாயகர் சதுர்த்தி

பூரணக் கொழுக்கட்டை ஒரு தட்டு, காரக் கொழுக்கட்டை ஒரு தட்டு. காரம் இந்த வீட்டில் ஒருத்திதான் தின்பாள். அவள் இல்லாதபோது ரேணுகா எதற்குச் செய்தாளோ. அத்தனையும் மீந்தது. மாவுக்குப் பிடித்த கேடு.

அபி என் மகன் வயிற்றுப் பேத்தி. ஒரே பேத்தி. ரேணுகா வேலைக்குப் போன காலத்தில் என் மடியில் கிடந்து வளர்ந்தவள். சித்திரையில், கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். நம்ம ஆட்கள் இல்லை. எனக்கும் பிடிக்கவில்லைதான், பிடித்தது என்று எழுதினால் பொய். ஆனால் எனக்குப் பிடிக்காதவர்கள் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். ஒருவரையும் நான் கார் வைத்துத் தேடியதில்லை.

முருகவேல் அன்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, சொட்டச் சொட்டக் கூடத்தில் நின்று, "தலை முழுகிட்டேன். எனக்கு மக இல்லை" என்றான். சரி. தலை முழுகினவன் எதற்குத் தேடுகிறான்? ரேணுகாவின் அண்ணன் ராசாங்கம் எதற்கு வாரம் தவறாமல் வந்து அவன் காதைக் கடிக்கிறான்?

ஆவணி 13, வெள்ளி

கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அபிராமி அம்மனைக் கும்பிட்டேன். ஆகவே பொய் சொல்லவில்லை. வரும் வழியில் ஷாகிதா கடையில் ஏறினேன். ரீசார்ஜ் போடுவாள், போனுக்கு உறை விற்பாள். வாய்த் துடுக்கு, கை சுத்தம்.

போனை வாங்கி எதையோ தட்டினாள். முகம் மாறியது.

"பாட்டிம்மா, ஒங்க பச்சை ஆப்புல இன்னொரு கம்ப்யூட்டர் ஒட்டிக்கிட்டு இருக்கு. நீங்க அனுப்புறது, ஒங்களுக்கு வர்றது, எல்லாம் அங்கயும் தெரியும். கழட்டி விடவா?"

முருகவேல் கடைக் கம்ப்யூட்டர். போன மாதம், "சார்ஜ் நிக்க மாட்டேங்குதே, குடும்மா பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். என்ன பாசம் என்று நினைத்தேன்.

கழற்றினால், கழற்றியது அவனுக்குத் தெரிந்துவிடும்.

"இருக்கட்டும்த்தா. பாக்குறவன் பாக்கட்டும். கோயில் படமும் குட்மார்னிங்கும் பாத்துக்கிட்டே கெடக்கட்டும். யாரும் எட்டிப் பாக்க முடியாத மாதிரி எனக்கு வேற ஒண்ணு போட்டுக் குடு."

"யாருகிட்ட பேசப் போறீக?"

"பூட்டு வாங்க வந்தவகிட்ட, பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு கேப்பியா?"

"திண்டுக்கல்காரவுகளுக்குப் பூட்டு விக்கிறது எம்புட்டுக் கஷ்டம்!" என்று சிரித்தாள்.

மூன்று ஆப்புகளைக் காட்டினாள். ஒன்று முன்னதைப் போலவே, நிறம்தான் வேறு. இன்னொன்றில் ரகசியம் உண்டாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் நாம்தான் மறக்காமல் ரகசியத்தைப் போட வேண்டுமாம். எனக்கு மறக்காது, ஆனால் எதிரில் இருக்கிறவள் மறந்தால்? வேண்டாம் என்றேன். மூன்றாவது, எப்போதும் பூட்டியே இருக்குமாம். நாம் சொல்கிற நேரம் கழிந்தால் பேசினது தானாக அழிந்துபோகுமாம்.

"கம்பெனிக்காரன் படிப்பானா?"

"அவனாலயும் முடியாது."

"பெரிய எடத்துல இருந்து அதட்டிக் கேட்டா?"

"நம்ம பேசுனது அவன்கிட்ட இருக்கவே இருக்காது பாட்டிம்மா. வச்சிருந்தாத்தானே குடுக்க முடியும்?"

அந்த ஒரு சொல்லுக்காகவே மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

திறக்க ஒரு எண் வைக்கச் சொன்னாள். என் மாமியார் செத்த தேதியை வைத்தேன். மணியடிக்காமல் செய்தாள். பஞ்சாங்க ஆப்புக்குப் பின்னால் ஒளித்துக் கொடுத்தாள். அப்புறம்தான் ஒரு குண்டைப் போட்டாள். எதிர்ப்பக்கமும் இதே ஆப் இருந்தால்தான் பேச முடியுமாம்! "ஒங்க போன்ல இருக்கவுக யாரு யாரு வச்சிருக்காகன்னு இதே காட்டும், இருங்க."

பால்காரர், கேஸ்காரர், கோயில் கூட்டாளிகள், சம்பந்தி வீடு, சாமியாடி, எவரும் இல்லை. ஒரே ஒரு பெயர் வந்து நின்றது.

எடுக்காதே.

"இதென்ன பேரு?" என்றாள் ஷாகிதா.

"பேரு சௌந்தரம். என் நாத்தனா. அவ கூப்பிட்டா எடுக்கக் கூடாதுன்னு பேத்திகிட்டச் சொன்னேன். அவ குசும்பு, அப்படியே பேரா ஏத்தி வச்சிட்டா."

உலகத்திலேயே பத்திரமான வீட்டில் குடியேறினேன். பக்கத்து வீட்டுக்காரி அவள்.

ஆவணி 14, சனி

ரேணுகா டி.வி.யை அலற விடுகிறாள். நான் போனோடு மாடிக்குப் போனால் அந்த நேரம் பார்த்து இன்னும் கூட்டுகிறாள். வேண்டுமென்றே செய்வதுதான்.

சௌந்தரத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை என்னைக் கேட்காமல் கட்டிக்கொண்டு பந்தியில் நின்றவள். அது கிடக்கட்டும். அவள் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். காதில் மாட்டிக்கொண்டு, கம்பியைச் சொருகி, ஊரையெல்லாம் பேச வைக்கிற உத்தியோகம். கல்யாணமான புதிதில், மளிகைக் கடை போனிலிருந்து எங்கம்மாவுக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசினேன். ஒரே ஒரு தடவை. கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் நான் பேசினது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. மாமியார் வாசலை மறித்து நின்று, "என் வீட்டுக் கதையக் கம்பியில ஏத்திட்டியாடி?" என்றார். அவர் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார்.

எங்கம்மாவிடம் நான் சொன்னது என்ன என்று இதில் எழுதமாட்டேன்.

அதே மாமியார்தான் இன்னொரு நாள், சௌந்தரத்தின் கம்மல் காணோம் என்று என்னைச் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். அணைத்தேன். கம்மல் அவள் தலையணை உறைக்குள்ளேயே கிடைத்தது. சூடத்தின்முன் நான் பொய் சொல்லமாட்டேன் என்று இந்தக் குடும்பம் முழுக்கத் தெரியும். அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

சௌந்தரம் இப்போது மதுரையில் தனியாக இருக்கிறாள். என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தாள். அண்ணனுக்கு மாலை போட்டாள். நான் பேசவில்லை.

ஆவணி 16, திங்கள்

எடுக்காதே எழுதியிருந்தாள்: "மதினியா?"

நான் பதில் போடவில்லை. மிளகாயும் மல்லியும் மில்லில் கொடுத்துத் திரித்துவந்தேன். தும்மல் நிற்கவில்லை.

ஆவணி 20, வெள்ளி

நேற்று விடிய முருகவேலும் ராசாங்கமும் இன்னும் இரண்டு பேரும் காரில் திருப்பூர் போனார்கள். யாரோ பார்த்ததாகச் சொன்னார்களாம். பொழுது சாய வெறுங்கையோடு வந்தார்கள். அந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். ராசாங்கத்துக்கும் மகனுக்கும் நான்தான் தோசை வார்த்தேன். அதனால் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"இருக்குற எடம் மட்டும் தெரியட்டும் மச்சான். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறேன்னா என்னடா?" என்றான் முருகவேல்.

"அதை ஏன் கேக்குறீக? நீங்கதான் தலை முழுகிட்டீகளே."

தோசை கருகியது. அப்புறம் ராசாங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

"அத்தைக்குத் தெரியாம இருக்காது. சூடத்தை ஏத்தி அணைக்கச் சொல்லுங்க. அவுக பொய் சொல்ல மாட்டாக."

"மகாளய அமாவாசை வரட்டும்," என்றான் என் மகன்.

குளியலறையில் ரேணுகா குழாயைத் திறந்துவிட்டபடியே வெகு நேரம் இருந்தாள். தண்ணீர் என்ன சும்மாவா வருகிறது?

ஆவணி 21, சனி

எழுதிவிட்டேன். மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில். ஒற்றை விரலால் தட்டுவதற்குள் வியர்த்துவிட்டது.

"நான்தான்" என்று போட்டேன். உடனே பதில் வந்தது. நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள், ஆபரேட்டர் புத்தி.

"மதினின்னு எப்படி நம்புறது? முருகவேல் ஒங்க போனை வச்சுக்கிட்டுத் தட்டலாமே."

"நீ சௌந்தரம்னு நான் மட்டும் எப்படி நம்புறது?"

இந்த ஆப்பில் அதற்கென்று நீளமாக ஒரு எண் இருக்கிறதாம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டுமாம். அவள் மதுரை, நான் இங்கே. "அப்பக் கேள்வி கேளு" என்றேன்.

அவள் கேட்டாள்: "ஒங்க கல்யாணத்துல நான் என்ன சேலை கட்டியிருந்தேன்?"

"என் சேலை."

அவள் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முறை. வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எங்கம்மாகிட்ட ட்ரங்க் கால்ல நான் என்ன சொன்னேன்?"

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"'இங்க சோத்துக்குக் கொறையில்லம்மா, பேசத்தான் ஒரு நாதியில்லை'ன்னு சொன்னீக. அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை. மூணு நிமிசம் முடியிற வரைக்கும் மூச்சு மட்டும் கேட்டுச்சு."

இவள் சௌந்தரமேதான்.

பின்னாலேயே இன்னொன்று வந்தது. "எங்கம்மாகிட்ட நான் சொன்னது, 'மதினி பாவம், கொஞ்சம் ஒக்காந்து பேசும்மா'ன்னுதான். அம்மா காதுல வேற மாதிரி விழுந்திருச்சு. சொல்ல வந்தப்பெல்லாம் நீங்க எடுக்கலை."

இருக்கலாம். நம்பினேன் என்று எழுதமாட்டேன். "சேலைக்கு என்ன பதில்?" என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"அபி நல்லா இருக்கா. எங்கிட்டப் பேசுறா."

ஒரு மணி நேரத்தில் அழிந்துவிட்டது. அதுவரைக்கும் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆவணி 25, புதன்

அபி வந்தாள். போனில்தான்.

திருப்பூர்ப் பேச்சை நான் சௌந்தரத்திடம் சொல்லி, சௌந்தரம் அவளிடம் சொல்லியிருந்தாள். அதனால் அவளும் என்னைச் சோதித்தாள். சோதிக்கட்டும், அதுதான் புத்தி.

"அப்பத்தா நீதான்னா சொல்லு. நான் ஸ்கூலுக்குக் கெளம்பும்போது வாசல்ல நின்னு என்ன சொல்லுவே?"

"போன்னு சொல்ல மாட்டேன். பாத்து வான்னு சொல்லுவேன்."

அழுகிற பொம்மைகளாக ஒரு வரிசை வந்தது. நானும் ஒன்று போட நினைத்து, கை தவறி ஆட்டுக்குட்டி போய்விட்டது. "இது யாரு, நானா?" என்று கேட்டாள். அதே வாய்.

ஐந்து மாதமாம். எழுத்தில்தான் சொன்னாள். சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து மாதம்.

"அட்ரஸ் அனுப்புறேன் அப்பத்தா. சௌந்தரம் பாட்டியோட கெளம்பி வா. ஒன் கையால ஒரு வாய் புளிச்சோறு வேணும்."

இரு, பிறகு சொல்கிறேன் என்று மூடிவிட்டேன்.

கீழே வந்து புளியை எடுத்து ஊறப்போட்டேன். அப்புறம் எதற்கு ஊறப்போட்டேன் என்று கொட்டிவிட்டேன்.

ஆவணி 28, சனி

இதைச் சரியாக எழுத வேண்டும்.

"அட்ரஸ் வேணாம்" என்று காலையில் போட்டேன். எழுத்தாகப் பார்த்ததால் கோபம் என்று நினைத்துவிட்டாள். மத்தியானம் குரலில் அனுப்பியிருந்தாள். மகனும் மருமகளும் துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். என் அறையில், கதவைச் சாத்தி, காதோடு வைத்துக் கேட்டேன்.

"அப்பத்தா, கோவமா? நான் ஒண்ணு சொல்றேன், முழுசாக் கேளு…"

சித்திரைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் அந்தக் குரல். கொஞ்சம் சளி பிடித்திருக்கிறது. சாலையோரம் நின்று பேசியிருக்கிறாள். ஹாரன், ஒரு தையல் மிஷின் ஓடுகிற சத்தம், யாரோ இளநீர் வெட்டுகிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் நின்று ஊர்ப் பெயரைக் கூவ வாயெடுத்தார்.

போனைத் தலையணைக்கு அடியில் போட்டு, அதன்மேல் படுத்துக்கொண்டேன். காது இரண்டையும் பொத்திக்கொண்டேன். அம்மா தாயே அபிராமி என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அது ஓடி முடிகிற வரைக்கும்.

எனக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும். போகாது. கம்மல் போன அன்று மாமியார் என்ன கலர் ரவிக்கை போட்டிருந்தார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். ஆப்பில் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். எனக்குள் போனது எரித்த பிறகுதான் அழியும். அமாவாசையன்று என் முன்னால் சூடத்தை ஏற்றுவார்கள். பூட்டெல்லாம் சரிதான் ஷாகிதா, திறந்து கிடக்கிற பெட்டி நான்தான்.

வச்சிருந்தாத்தானே குடுக்க முடியும்.

அவளுக்கு எழுதினேன்: "கோவம் இல்லை கண்ணு. எந்த ஊருன்னு சொல்லாதே. குரல் அனுப்பாதே, பின்னாடி ஊர் பேசுது. படமும் வேணாம். எழுத்து மட்டும் போடு. வராதே."

கடைசிச் சொல்லைத் தட்ட நேரமானது. அவள் பிறந்ததிலிருந்து அவளிடம் நான் சொல்லாத சொல்.

அந்தக் குரல் இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தது. தொட்டால் பேசும். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு போய்விட்டது.

புரட்டாசி 4, சனி

நாமம் போட்ட பிள்ளைகள் அரிசி கேட்டு வந்தார்கள். இரண்டு படி போட்டேன். ரேணுகா இன்னும் ஒரு படி போட்டாள், போட்டிக்கு.

புரட்டாசி 5, ஞாயிறு. மகாளய அமாவாசை

முருகவேல் குளத்தில் எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு வந்தான். அவன் அப்பாவுக்கு, தாத்தாவுக்கு. ராசாங்கம் கூடப் போயிருந்தான். ரேணுகா வாசலிலேயே நின்று கேட்டுவிட்டாள்.

"அவ பேரையும் சொன்னீகளா?"

நான் அவளுக்குக் குரல் இருக்கிறது என்பதையே மறந்திருந்தேன்.

முருகவேல் ஈரத் துண்டைப் பிழிந்தான். "ராசாங்கம் சொல்லச் சொன்னான். வாய்க்கு வரலை."

படையல் முடிந்து காக்காய்க்கு வைத்த பிறகு ராசாங்கம் ஆரம்பித்தான். "அத்தை, தப்பா நெனைக்காதீக. ஒரு மனத்திருப்திக்கு."

"சூடத்தைக் கொண்டாத்தா," என்றேன் ரேணுகாவிடம். ராசாங்கத்துக்கு மூஞ்சி சப்பென்று போய்விட்டது, நான் அழுவேன் என்று நினைத்திருப்பான். ரேணுகா சூடத்தை முழுதாக வைக்காமல் நகக்கண் அளவுக்குக் கிள்ளி வைத்தாள். நல்ல நாளிலும் கஞ்சத்தனம்.

அவர் படத்துக்கு முன்னால், வெற்றிலைமேல் எரிந்தது.

"அபி எங்க இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றான் ராசாங்கம்.

அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. பேசினாளா என்று கேட்டிருந்தால் நான் செத்தேன்.

"என் பேத்தி எங்க இருக்கான்னு சத்தியமா எனக்குத் தெரியாது," என்று உள்ளங்கையால் அமுக்கினேன்.

முருகவேல் என் முகத்தையே பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரியும். "போதும் ராசாங்கம்," என்றான். "எங்கம்மாவுக்கே தெரியாதுன்னா யாருக்கும் தெரியாது. நீ கெளம்பு." பிறகு, தன்னிடமே சொல்வது போல், "ஒனக்குக்கூடச் சொல்லலையாம்மா அவ?" என்றான். அதைக் கேட்டபோது அவன் என் மகனாகத்தான் இருந்தான். சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அதுவும் உண்மைதான். அதுதான் எரிச்சல்.

பின்கட்டில் ரேணுகா என் கையைப் பிடித்துத் தேங்காய் எண்ணெய் தடவினாள். டி.வி. பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. குனிந்தபடியே கேட்டாள்.

"நல்லா இருக்காளா அத்தை?"

நான் தலையை ஆட்டினேனா என்று இதில் எழுதமாட்டேன். அவள் மறுபடி முதலிலிருந்து எண்ணெய் தடவினாள்.

புரட்டாசி 8, புதன்

கை எரிச்சல் குறைந்துவிட்டது. பேனா பிடிக்க முடிகிறது.

அபி எழுதியிருந்தாள். எழுத்து மட்டும்தான். "இன்னைக்கு அசைஞ்சுச்சு." அப்புறம், "அவரு கேக்குறாரு, அப்பத்தா சாப்டாங்களான்னு."

"சாப்டேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லு" என்று போட்டேன்.

சௌந்தரத்தின் பெயரை மாற்றிவிடலாமா என்று ஷாகிதா கேட்டாள். வேண்டாம் என்றேன். அரக்குப் பட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் அவள் கூப்பிட்டால் எடுக்கிறேன்.

மத்தியானம் மாடிக்குப் போய்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். கீழே டி.வி. கூடியது. எனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டபோது எங்கம்மா பாடின தாலாட்டு முழுதாக ஞாபகம் இருக்கிறது. மாமியார் திட்டின திட்டு வரிசையாக ஞாபகம் இருக்கிறது. ட்ரங்க் காலில் எங்கம்மா விட்ட மூச்சு கேட்கிறது. "நான் ஒண்ணு சொல்றேன், முழுசாக் கேளு" என்றாளே, அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. தேடிப் பார்த்தேன். அந்த இடத்தில், ஒரு பஸ் வந்து நிற்கிறது.